துணி வெள்ளை, தோல் வெள்ளை

வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே ஒரு சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். வெள்ளை. காய்ச்சல், தலைசுற்றல், இடுப்புவலிக்கு அடுத்தபடியாக நம்மிடம் வரும் பெண்கள் அதிகம் சொல்வது அதைத்தான். "வெள்ளை கீது டாக்டரம்மா" என்று ஒருவர் வாயைத் திறந்ததுமே நம் கை தானாக மாத்திரை எழுத ஆரம்பித்துவிடும். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. அந்த ஒரே சொல்லில் வியாதியும் வைத்தியமும் முடிந்துவிட்டால் யாருக்குத்தான் கசக்கும்? எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம்.

நான் ராயபுரத்துக்காரி. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் மகளிர் மருத்துவராகப் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போதுதான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, பேச ஆரம்பித்தால் புதிதாக வேலைக்கு வந்த டாக்டர்கள் நீங்கள் யாரும் குறுக்கே வரமாட்டீர்கள். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனைத் தட்டினால் வந்து விழுகிறது. நான் சொல்லப்போவது, அந்த ஒரு சொல்லால் ஒரு மீன்காரப் பெண் பட்ட பாட்டை. அவருக்கு இருந்தது, மாதவிலக்கு நிற்கும் வயதிலும் நின்ற பிறகும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் தோலில் வரும் ஒரு நீண்டகால நோய். படிக்கும்போது அரைப் பக்கத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள். நானும் அப்படித் தாண்டியவள்தான்.

அவர் பெயர் அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள், துணிக்கடையில் பில் போடுகிறாள். அஞ்சலைக்கு மார்க்கெட்டில் மீன் வியாபாரம். அன்றைக்குக் காலை வியாபாரம் முடிந்த கையோடு நேராக வந்திருந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. ஸ்டூலைக் காட்டினேன். "இருக்கட்டும்மா" என்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் பழைய சீட்டுகள் ஒரு கட்டு இருந்தது. எதைப் புரட்டினாலும் வெள்ளைப்படுதல், அதற்கு விழுங்கும் மாத்திரை, உள்ளே வைக்கும் மாத்திரை, திரும்பவும் வெள்ளைப்படுதல். ஆஸ்பத்திரிதான் மாறியிருந்தது, வைத்தியம் மாறவில்லை.

"வெள்ளை கீது டாக்டரம்மா. அரிப்பு தாங்கல. சொறிஞ்சி சொறிஞ்சி ரத்தம் வந்துடுது. அதே மாத்திரையைத் திருப்பிக் குடுக்காத, உனுக்குப் புண்ணியமா போவும்."

என் பேனா சீட்டைத் தொட்டுவிட்டது. ஆனால் அவர் நின்றுகொண்டே இருந்தது எனக்கு உறுத்தியது. வெள்ளைப்படுதலுக்காக வருகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அலுத்துக்கொண்டு, முதல் வேலையாக உட்காருவார்கள். காலையிலிருந்து மார்க்கெட்டில் கால் கடுக்க நின்ற ஒருவர், ஸ்டூலைக் காட்டியும் ஏன் உட்காரவில்லை? பேனாவை மூடிவிட்டு, துணியில் எவ்வளவு படுகிறது என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய மிகச் சாதாரணமான கேள்வி அது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"துணியில இன்னாத்துக்குப் படும்? துணியில ஒண்ணும் படல. தோலு வெள்ளையா கீது. அங்க தோலே வெள்ளையா பூடுச்சி."

அந்த அம்மா வருஷக்கணக்காக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த வெள்ளையைக் காதில் வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. நம் தமிழில் அதற்கும் வெள்ளை, இதற்கும் வெள்ளை.

ஒரு சீட்டில் துர்நாற்றம் உண்டு என்றுகூட எழுதியிருந்தது. அது எப்படி என்று விசாரித்தேன். யாரோ ஒரு டாக்டர், மீன் வாடை வருகிறதா என்று கேட்டிருக்கிறார். ஒருவகைத் தொற்றுக்கு அதுதான் அடையாளம் என்று நாம் எல்லாரும் படித்திருக்கிறோம், அந்த டாக்டர் ஒழுங்காகப் படித்தவர்தான். அஞ்சலையும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்.

"வரும்னேன். மீன்காரி மேல மல்லிப்பூ வாசனையா வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அடுத்ததாக அவர் சொன்னதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது. தொற்று என்று முடிவு கட்டியதால் கணவருக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் சாப்பிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததும் கணவர், எனக்கு எதற்கு மாத்திரை, யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்தாய் என்று கேட்டாராம். ஏற்கெனவே உறவென்றால் வலி, அதனால் அஞ்சலை தள்ளிப் படுத்திருக்கிறார். இப்போது சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து அஞ்சலை இந்த விஷயத்தை வீட்டில் வாயே திறப்பதில்லை. இதை மட்டும் மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பரிசோதனைக்குப் படுக்கச் சொன்னபோது தயங்கினார். குளிக்காமல் வந்துவிட்டேன், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். நான் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகக் காற்றில் வளர்ந்தவள், மீன் வாசம் எனக்குப் பசியைத்தான் கிளப்பும் என்று சொல்லிப் படுக்கவைத்தேன்.

பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கியிருந்தது. அங்கங்கே மெல்லிய வெடிப்புகள், சொறிந்த இடங்களில் ரத்தப் புள்ளிகள். உள் இதழ்கள் கரைந்து பக்கத்துத் தோலோடு ஒட்டிப்போயிருந்தன. பிறப்புறுப்பின் வாய் குறுக ஆரம்பித்திருந்தது. பின்பக்கம், ஆசனவாயைச் சுற்றியும் அதே வெளுப்பு. இதோடு அவர் தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வந்திருக்கிறார். சிறுநீர் போகும்போதெல்லாம் மிளகாய் தடவினதுபோல எரியும் என்றார்.

எழுந்து உடையைச் சரிசெய்துகொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெண்குஷ்டமா டாக்டரம்மா? பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கோம்."

இல்லை என்றேன். ஒட்டுவதும் இல்லை, புருஷனிடமிருந்து வந்ததும் இல்லை, புருஷனுக்குப் போகப்போவதும் இல்லை. சுத்தக் குறைவால் வந்ததும் இல்லை, ஊரார் சொல்லும் உடம்புச் சூடும் இல்லை. புற்றுநோயும் இல்லை. உடம்பின் காவல் சக்தியே தன் தோலைப் பார்த்து எதிரி என்று நினைத்துக்கொள்வதுபோல ஒன்று. அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். அடக்காமல் விட்டால் வாய் இன்னும் குறுகும், தோல் இன்னும் கிழியும். சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை, வெகு சிலருக்கு, அந்த இடத்தில் பின்னால் புற்றுநோய் வரலாம். அதனால் மருந்தையும் விடக்கூடாது, என்னையும் விடக்கூடாது என்று சொன்னேன். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும், மறைக்காமலும் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அது முதல் தடவையே வந்துவிடாது.

தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார், மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, கைக்கண்ணாடியை வைத்து எந்த இடத்தில், எப்படி, ஒரு பட்டாணி அளவு மட்டும் என்று காட்டினேன். முதலில் தினமும், அடங்கின பிறகு படிப்படியாகக் குறைக்கலாம் என்றேன். அவரும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அடுத்த முறை அவர் வந்தபோதும் உட்காரவில்லை.

மருந்து போடுகிறீர்களா என்று கேட்டேன். போட்டுக்கினுதான் கீறேன் என்றார். அரிப்பு அப்படியேதான் இருக்கிறதாம். பார்த்தேன், முதல் நாள் பார்த்த அதே தோல், அதே வெடிப்பு. ஒரு வெடிப்பின் ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்ததுபோலத் தோன்றியது. உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சரியான மருந்துக்கு அடங்காத இடம் என்றால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதுதான் என்று சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. கத்தி பட்டால் பரவிடும் என்பார்களே, வேண்டாம் டாக்டரம்மா, கல்யாணம் முடியட்டும் என்று கெஞ்ச ஆரம்பித்தார். கத்தி பட்டுப் பரவுவது இல்லை, காலம் கடத்தினால்தான் ஆபத்து என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

அனுப்பும் சீட்டை எழுதிக்கொண்டே, ஏதோ தோன்றி, களிம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரெண்டு ட்யூபு தீந்துடுச்சி. மூணாவது ஓடுது" என்றார், ஒழுங்காகப் போட்டதற்குச் சாட்சி சொல்வதுபோல.

எனக்கு அங்கேதான் இடித்தது. பட்டாணி அளவு என்றால் முதல் ட்யூபே இன்னும் தீர்ந்திருக்கக் கூடாது. மூன்று ட்யூப் அந்த இடத்தில் போயிருந்தால், நோய் அடங்காவிட்டாலும் தோலில் வேறு மாற்றமாவது தெரிய வேண்டும். இங்கே களிம்பு தொட்ட அடையாளமே இல்லை. ட்யூப் காலியாகிறது, தோலுக்குப் போகவில்லை. இவர் பொய் சொல்கிறார் என்று கோபப்பட எனக்கு நேரம் பிடிக்கவில்லை, வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் நோயாளிகள் நம்மிடம் 'போடுகிறேன்' என்று சொல்வது பாதி நேரம் நம் வாய்க்குப் பயந்துதான். இன்னும் கத்தினால் இன்னும் அழகாகப் பொய் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. மகள் எட்டிப் பார்த்தாள். கடைக்கு நேரமாகிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்று அம்மாவிடம் கேட்டாள். தேவி என்று அவளைக் கூப்பிடுவோம். லட்சணமான பெண். இரண்டு கன்னமும் பளபளவென்று சிவந்து, தோலுக்கடியில் மெல்லிய ரத்த நாளங்கள் தெரிந்தன. தாடையோரம் பொடிப்பொடியாகப் பருக்கள். காதோரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. இந்த முகத்தை நம் ஊரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவப்பழகுக்காக ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசிய முகம்.

கொஞ்சம் வெளியே இரும்மா என்று அவளை அனுப்பிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த சீட்டை ஓரமாக வைத்தேன். உங்கள் பெண் முகத்துக்கு என்ன போடுகிறாள் என்று கேட்டேன்.

கதவு மூடியிருக்கிறதா என்று அஞ்சலை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக வந்தது. அலமாரியில் முதல் ட்யூபைப் பார்த்ததுமே தேவி கண்டுபிடித்துவிட்டாள். கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் முகம் வெளுக்க அதைத்தான் பூசுகிறார்களாம். மருந்துக்கடையில் பேர்கூடச் சொல்ல வேண்டாம், வெள்ளை க்ரீம் என்றால் எடுத்துக் கொடுக்கிறார்களாம்.

"இந்த வயசுல உனுக்கு வெள்ளத் தோலு கேக்குதான்னு சிரிச்சா. நான் இன்னான்னு சொல்றது? ஆமாண்டி, நீயும் போட்டுக்கோன்னு குட்த்துட்டேன்."

"சரி. நீங்க ஏன் போடல?"

"வெள்ளையாக்குற க்ரீமுன்றாங்க. எனுக்கு ஏற்கெனவே வெள்ளையாகிதான பேஜாரா கீது? இத்தையும் போட்டா இன்னா ஆவறது?"

அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது புத்திசாலித்தனம். களிம்பின் பெயர், அளவு, இடம், காலம் எல்லாவற்றையும் சொன்னோம், ஊர் அந்த ட்யூபுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்று நமக்கே தெரியவில்லை. ஒரு மருந்தை எழுதும்போது அது தெருவில் எந்தப் பெயரில் உலாவுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இப்போது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தேவியைக் கூப்பிட்டு, அந்தக் களிம்பு உன் முகத்தைக் கெடுக்கிறது, நிறுத்து என்று சொல்வது சுலபம். நிறுத்திவிடுவாள். ஆனால் அப்புறம் அந்த வீட்டில் அது கெட்ட மருந்து. அதே வேகத்தில் ட்யூபைத் தூக்கிக் குப்பையில் போடுவாள், அம்மா ஒளித்து வைத்தால் சண்டை பிடிப்பாள். அஞ்சலையின் வைத்தியம் அத்தோடு முடிந்தது. உன் அம்மாவின் மருந்து அது என்று நானே போட்டு உடைப்பதும் சுலபம்தான். ஆனால் ஒருதடவை டாக்டர்கள் கொடுத்தனுப்பிய மாத்திரையால் அந்த வீடு இரண்டுபட்டிருக்கிறது. இன்னொரு தடவை அவருக்குப் பதிலாக நான் பேச எனக்கு என்ன உரிமை? அது அவர் உடம்பு.

வெளியே வரிசையில் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நேரம் என்று நர்ஸ் இரண்டு தடவை தலையை நீட்டிவிட்டுப் போனார். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். பின்னால் ஐம்பது பேர் நிற்க, முன்னால் ஒருவர் முடிவெடுக்க முடியாமல் நிற்பார். அவசரப்படுத்தினால் அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், ஒன்றும் நடக்காது. நான் வம்புக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு நன்றாக உட்கார்ந்தேன். வரிசை கத்தினால் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அஞ்சலம்மா, அவகிட்ட உங்க விஷயத்த நான் சொல்லமாட்டேன். மூஞ்சி கெடுதுன்னு மட்டும்தான் சொல்லுவேன். ஆனா அந்த ட்யூபு உங்க வீட்டுல இருக்கணும்னா அது எதுக்குன்னு அவளுக்குத் தெரியணும். தெரியலன்னா நீங்க இன்னும் நின்னுக்கினேதான் இருப்பீங்க. இது இன்னும் கெட்டுப்போச்சுன்னா அப்பால என்கிட்ட களிம்பு இல்ல."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், மீன் கூடையைத் தூக்கப்போகிறவர் மாதிரி.

"கூப்டு அவள" என்றார்.

தேவி வந்தாள். அஞ்சலை அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அந்த ட்யூபு மூஞ்சிக்கு வாங்குனது இல்ல. எனுக்கு வாங்குனது. கீழ போடுறதுக்கு. எனுக்கு அங்க தோலு வெள்ளையா பூட்டு கிழிஞ்சி கிழிஞ்சி போவுது. அதான் நான் எங்கியும் குந்துறதில்ல. அதான் அருவாமனைல உக்காந்து மீனு வெட்டுறதில்ல. உங்கப்பன் என்மேல சந்தேகப்பட்டது எல்லாம் இதனாலதான். இது ஒட்டுற நோயி இல்ல. டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

தேவியின் கை முதலில் தன் கன்னத்துக்குப் போனது. பிறகு அங்கிருந்து இறங்கி அம்மாவின் தோளைப் பிடித்தது.

"எத்தினி நாளாம்மா?"

"நீ ஸ்கூலு படிச்சிக்கினு இருந்தப்போலேந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? வெள்ளைன்னுதான் சொன்னேன். ஒருத்தருக்கும் புரில. வேற பேரு எங்க கீது இதுக்கு?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூடவே கோபமும் வந்தது. தன் வலிக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் ஒரு மனுஷி இத்தனை காலம் நின்றுகொண்டே மீன் விற்றிருக்கிறார். பெயர் இருக்கிறது என்று சொல்லி, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்றேன். அஞ்சலை ஒருதடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு சுளுக்கிக்கொண்டது.

"போ டாக்டரம்மா. அத்த சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஐஸ் கரைஞ்சி மீனு கெட்டுப்பூடும்." கொஞ்சம் யோசித்தார். "துணியில பட்டா துணி வெள்ளை. தோலுல வந்தா தோல் வெள்ளை. இதுல இன்னா கஷ்டம் உங்களுக்கு?"

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அன்றிலிருந்து வருகிற பெண்களிடம் நானும் அப்படித்தான் கேட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கான சீட்டை நான் கிழித்துப் போடவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தேன். களிம்பை ஒழுங்காகப் போட்டு அடங்காத இடம் ஒன்று மீந்திருந்தாலும் அனுப்பிவிடுவேன், அப்போது கல்யாணத்தைக் காட்டிக் கெஞ்சினால் நடக்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தேவியைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவள் முகம் தெளிய மாதங்கள் ஆயின. நிச்சயதார்த்தத்தில் சிவந்த கன்னத்தோடுதான் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னாளாம். அது உண்மைதானே.

அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் அஞ்சலையோடு தேவியும் உள்ளே வந்தாள். முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு வெடிப்புகள் ஆறின, நான் சந்தேகப்பட்ட ஓரமும் மிருதுவாகிவிட்டது. இழுப்பறையில் இருந்த சீட்டை அப்போதுதான் கிழித்தேன். கரைந்துபோன இதழ்கள் திரும்ப வரவில்லை, வராது. வெளுப்பும் முழுதாகப் போகவில்லை. அதை நான் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் ஏமாறவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்தால் ஒருநாள் மருந்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நான் பயந்தது ஒன்றுக்குத்தான். நன்றாக ஆனதும் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். இனி வாரத்துக்கு இரண்டு தடவை, ஆயுசு முழுக்க என்றேன். மறந்துவிடுமே என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார். செவ்வாய், வெள்ளி ஜனங்கள் மீன் வாங்கமாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும், அந்த இரண்டு நாள் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் நாளாக வைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குமேல் அந்த அட்டவணை ஒருமுறைகூடத் தவறவில்லை. எந்த மருந்தையும் அவரவர் பிழைப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் நிற்கும்.

கணவரிடமும் அவரே பேசிவிட்டார். நான் வேண்டுமானால் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். என்ன சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்த மாத்திர உனுக்கும் இல்ல, எனுக்கும் இல்ல, தப்பா குட்த்துட்டாங்கன்னேன். இன்னான்னு வெவரமா சொன்னேன். கம்முனு கேட்டுக்கினு இருந்துச்சி. தப்புன்னு வாயில வரல அதுக்கு. மறாநாளு கடல்லேந்து வந்து, ஏலத்துக்குப் போற நண்டுல நல்லதா பொறுக்கி எனுக்குன்னு எடுத்தாந்துச்சி. மீன்காரிக்கு நண்டு" என்று சொல்லி வெட்கப்பட்டார். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, எர்ணாவூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அதுவரை எங்களிடம் வராதவர். அறுபது வயது இருக்கலாம். ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை. என்ன செய்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். என்னை முந்திக்கொண்டார்.

"எனுக்கு வெள்ளை கீது டாக்டரம்மா. நீ அவசரப்பட்டு எழுதிடாத. துணி வெள்ளை இல்ல, தோல் வெள்ளை."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"மீனு வாங்கப் போனேன். நானும் எங்க நாத்தனாரும் இந்த அரிப்பப் பத்திப் பேசிக்கினு இருந்தத அஞ்சலக்கா கேட்டுச்சி. அருவாமனைல குந்திக்கினு வஞ்சிரம் வெட்டிக்கினே எல்லாத்தையும் சொல்லிச்சி. மாத்திர எழுதுனா வாங்காத, பாக்கச் சொல்லுன்னுச்சி."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையுறையை எடுத்தேன்.